செம்பில் செதுக்கிய கல்முகம்

முதல் நாள், ஆண்ட்வெர்ப்

"காகிதத்துல இருக்கிற ஒரு மூஞ்சியப் பாக்கவா மாமா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று ரயிலில் கேட்டாள் அக்கா மகள். பெல்ஜியத்தின் லூவனில் முதுகலை படிக்கிறாள். அவள் அங்கே இருப்பதால்தான் இந்தப் பயணமே கூடிவந்தது.

"ஒண்ணு இல்லம்மா, மூணு. மூணும் ஒரே ஆளோட முகம்."

அந்த ஆள் செனெகா. ரோமாபுரித் தத்துவவாதி, நீரோ மன்னனின் ஆசிரியர். கி.பி. 65-ல் அந்த மாணவனே சாகச் சொல்லி ஆணையிட, நரம்பை அறுத்துக்கொண்டு இறந்தவர். அவர் இறந்து 1,500 ஆண்டுகளுக்குப் பிறகு இந்த ஊர்க்காரர்கள் அவர் முகத்தைச் செப்புத்தகட்டில் செதுக்கி, அச்சடித்து, ஐரோப்பா முழுக்க அனுப்பினார்கள். புகைப்படம் இல்லாத காலம். ரோமில் இருக்கும் ஒரு கற்சிலையைப் பாரிஸில் இருப்பவரோ லண்டனில் இருப்பவரோ பார்க்க வேண்டுமானால், ஒன்று குதிரை வண்டி ஏற வேண்டும், இல்லையென்றால் இப்படி ஒரு அச்சுத்தாளை வாங்க வேண்டும். கல்லால் ஊர் விட்டு ஊர் போக முடியாது. தாளால் முடியும்.

எனக்கு இதில் ஏன் இத்தனை ஆசை என்று கேட்பவர்களுக்காக ஒரு வார்த்தை. அப்பா அச்சகம் வைத்திருந்தார். ஒரு ட்ரெடில் மிஷின், நாலு கேஸ் எழுத்து, மரக்கட்டையில் ஆணி அடித்த பிளாக்குகள் ஒரு அலமாரி நிறைய. தலைவர்கள் முகம், சாமி முகம், கண்ணீர் அஞ்சலிக்கு வரும் தாத்தாக்கள் முகம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மண்ணெண்ணெய்த் துணியால் அந்த முகங்களைத் துடைப்பது என் வேலை. உலோகத்தில் ஒரு முகம் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்தே வளர்ந்தவன் நான்.

ஆண்ட்வெர்ப் ரயில் நிலையம் ஒரு கோயில் மாதிரி இருக்கிறது, அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றோம். மழை. ரூமுக்குப் போய் ரசம் சாதம் (அவள் கொண்டுவந்த பொடி), தூக்கம்.

இரண்டாம் நாள், பிளான்டின் மொரேட்டஸ் வீடு

வெள்ளிக்கிழமைச் சந்தை என்று பெயர் கொண்ட சதுக்கத்தில் இருக்கிறது இந்த வீடு. வீடு என்றுதான் சொல்ல வேண்டும். கீழே அச்சகம், மேலே குடும்பம், நடுவில் முற்றம். கிறிஸ்தோஃப் பிளான்டின் 1555-ல் தொடங்கிய தொழில். 1576-ல் இந்தச் சதுக்கத்துக்கு வந்தார். அதற்கு இரண்டே ஆண்டுகள் கழித்து, 1578-ல், கொல்லத்தில் தமிழ் எழுத்து முதன்முதலாக இந்திய மண்ணில் அச்சேறுகிறது. அந்த நாளில் இந்த வீட்டிலும் அச்சு மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்திருக்கின்றன. அதை நினைத்ததும் உடம்பு சிலிர்த்தது.

பிளான்டினுக்குப் பிறகு மருமகன் யான் மொரேட்டஸ், அப்புறம் பேரன் பால்தசார் என்று முந்நூறு ஆண்டு ஒரே குடும்பம் நடத்தியது. 1876-ல் நகராட்சிக்கு விற்றார்கள், மறு ஆண்டு அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. உலகத்திலேயே மிஞ்சியிருக்கும் மிகப் பழைய அச்சுப்பொறிகள் இரண்டு இங்கே நிற்கின்றன, 1600 வாக்கில் செய்தவை. மரம் கறுத்துப்போய்க் கைப்பிடி மட்டும் வழவழவென்று மின்னுகிறது. எத்தனை கை பிடித்து இழுத்த கைப்பிடி.

எழுத்து கேஸ்களுக்கு முன்னால் நான் நின்ற நேரத்தில் அவள் இரண்டு அறை தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தாள். "மாமா, படம் எங்க? நீங்க சொன்ன செதுக்கின படம் இந்த மிஷின்லயா அடிச்சாங்க?"

இல்லை. இதை அவளுக்கு விளக்கியதை இங்கேயும் எழுதிவிடுகிறேன், விஷயமே இதில்தான் இருக்கிறது.

அச்செழுத்தில் மேடு அச்சாகும். எழுத்தின் தலையில் மை தடவித் தாளை வைத்து அமுக்கினால் போதும். செப்புத்தகட்டில் நேர் எதிர், பள்ளம் அச்சாகும். பியூரின் என்கிற கூரான உளியை உள்ளங்கையில் வைத்துத் தள்ளிக்கொண்டே போனால், செம்பு நூல் நூலாகச் சுருண்டு எழும். உளி போன தடம் பள்ளமாக நிற்கும். பக்கவாட்டில் எழும் பிசிறைச் சுரண்டி எடுத்துவிட்டு, தகடு முழுக்க மை பூசி, மேற்பரப்பைத் துணியாலும் உள்ளங்கையாலும் துடைத்துவிட வேண்டும். பள்ளத்தில் இருக்கும் மை மட்டும் தங்கும். நனைத்து மிருதுவாக்கிய தாளை மேலே வைத்து, இரண்டு உருளைகளுக்கு நடுவில் கொடுத்து இறுக்கினால், தாள் பள்ளத்துக்குள் இறங்கி மையை உறிஞ்சி எடுத்துக்கொண்டு வரும். அந்த அழுத்தம் எழுத்து மிஷினில் கிடைக்காது, அதற்கு உருளை அச்சுப்பொறி தனியாக வேண்டும். அதனால் ஒரே பக்கத்தில் எழுத்தும் படமும் வர வேண்டுமென்றால், தாள் இரண்டு மிஷின் ஏறி இறங்க வேண்டும்.

இரண்டாவது வேலையைப் பெரும்பாலும் இந்த வீட்டில் செய்யவில்லை. கல்லே குடும்பத்தின் பட்டறைக்கு அனுப்பினார்கள். அந்தப் பட்டறையின் தியோடோர் கல்லே 1598-ல் இந்த வீட்டுப் பெண் கத்தரீனா மொரேட்டஸைக் கட்டிக்கொண்டவர். தொழில் உறவு கல்யாண உறவு ஆனது. நம் சிவகாசிப் பக்கம் இது புதுக்கதை இல்லை.

அதே 1598-ல்தான் நான் தேடி வந்த முதல் முகம் வெளியாகிறது. ரோமில் ஃபுல்வியோ ஓர்சினி என்று ஒரு பெரிய அறிஞர். பழைய சிலை, நாணயம், செதுக்குமணி எல்லாம் சேர்த்து, எது யாருடைய முகம் என்று அடையாளம் காண்பதில் வாழ்நாளைச் செலவிட்டவர். தியோடோர் கல்லே ரோமுக்குப் போய் அவர் சேகரிப்பில் இருந்த முகங்களை வரைந்துகொண்டு வந்தார். ஊர் திரும்பித் தகட்டில் செதுக்கி, தன் செலவிலேயே மாமனார் வீட்டு அச்சகத்தின் பெயரில் புத்தகமாகப் போட்டார். புகழ்பெற்றோர் முகங்கள் என்பது தலைப்பின் பொருள். பக்கத்துக்கு ஒரு தலை, கீழே ஒரு பெயர். அதில் ஒட்டிய கன்னமும் கலைந்த தாடியும் நெற்றியில் விழுந்த முடியுமாக ஒரு கிழவர். கீழே செனெகா என்று பெயர்.

அந்தப் பெயரை ஓர்சினி சும்மா வைத்துவிடவில்லை. பெயர் பொறித்த ஒரு பழம்பதக்கத்தோடு ஒப்பிட்டுத்தான் சொன்னார். அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. புத்தகம் போன ஊரிலெல்லாம் அந்த முகம் செனெகா ஆனது.

மாடியில் ஓவியர் ரூபன்ஸுக்கு ஒரு அறை. பால்தசார் மொரேட்டஸும் ரூபன்ஸும் சின்ன வயதிலிருந்தே நண்பர்கள். வீட்டுச் சுவருக்கென்று முன்னோர் படங்களும் அறிஞர் படங்களும் அவரிடம் சொல்லி வரையவைத்தார் பால்தசார். அதில் ஒன்று செனெகா, அதே கிழவர். அவர் இந்தக் குடும்பத்தில் ஒருவராகவே ஆகிவிட்டார் போல.

மழை விட்டதும் முற்றத்துக்கு வந்தோம். ஒரு பழைய திராட்சைக் கொடி சுவர் முழுக்க ஏறியிருக்கிறது. மேலே சுவரில் குடும்பத்து ஆட்களின் கல் மார்புச்சிலைகள். அவர்களோடு லிப்சியஸும் இருக்கிறார். லூவன் பேராசிரியர், செனெகாவின் எழுத்தைத் திருத்தி 1605-ல் இங்கேயே பெரிய பதிப்பாகக் கொண்டுவந்தவர். அவர் வந்தால் தங்குவதற்கு இந்த வீட்டில் தனி அறையே உண்டு. "எங்க யுனிவர்சிட்டி ஆளா!" என்று அவளுக்கு ஒரே சந்தோஷம், செல்ஃபி எடுத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள், வாசிப்பறை

இன்றைக்குத்தான் அந்தத் தாள்.

அருங்காட்சியகத்துக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் எழுதி நேரம் வாங்கியிருந்தேன். பேனா கூடாது, பென்சில் மட்டும். கை கழுவித் துடைத்துவிட்டு உட்கார வேண்டும். ஒரு அம்மையார் அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, மேல்தாளை மெல்ல விலக்கினார். இந்த முகத்தை இருபது வருஷமாகப் புத்தகங்களிலும் திரையிலும் பார்த்திருக்கிறேன். நேரில் பார்த்த முதல் கணத்தில் எனக்குப் பேச்சு வரவில்லை.

1638-ல் அச்சுத்தாள்களாக வெளியான பன்னிரண்டு தலைகளில் ஒன்று. ஆறு கிரேக்கர், ஆறு ரோமானியர். சாக்ரடீஸ், பிளேட்டோ, சோஃபக்ளீஸ், ஹிப்போக்ரடீஸ் ஒரு பக்கம். சிசரோ, சீசர், புரூட்டஸ் ஒரு பக்கம். செனெகாவும் உண்டு, அவரைச் சாகச் சொன்ன நீரோவும் உண்டு. எல்லாவற்றுக்கும் ரூபன்ஸ் வரைந்து கொடுத்தார். செதுக்கியவர்கள் நாலு பேர்: வோர்ஸ்டர்மன், பொன்டியஸ், விட்டூக், போல்ஸ்வெர்ட். செனெகா லூகாஸ் வோர்ஸ்டர்மன் கைவேலை.

லென்ஸை எடுத்தேன்.

கன்னத்தில் ஒரே ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு போனேன். காதுக்குக் கீழே முடியிழை மாதிரி தொடங்குகிறது. கன்ன எலும்புக்கு அடியில் குழிக்குள் இறங்கும்போது பருக்கிறது. மீண்டும் மேடு ஏறும்போது மெலிந்து, மூக்கருகே காணாமல் போகிறது. உளியைக் கொஞ்சம் ஆழமாக அழுத்தினால் கோடு பருக்கும், தளர்த்தினால் மெலியும். வளைவுக்காகக் கை திரும்பாது. தகட்டைத் தோல் மெத்தையில் வைத்து, தகட்டைத்தான் திருப்புவார்கள். இந்தக் கோட்டின் மேல் குறுக்காக இன்னொரு வரிசை. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடங்களில் சின்னச் சின்னச் சாய்சதுரங்கள், சில சாய்சதுரங்களுக்குள் ஒரு புள்ளி. லென்ஸை எடுத்துவிட்டால் அந்தக் கோடும் புள்ளியும் மறைந்துபோய், வயசான தோல் மட்டும் தெரிகிறது.

இப்போது கண். இந்தத் தலைக்குப் பளிங்கில் பல பிரதிகள் உண்டு, பளிங்கில் விழி வெறும் வெள்ளைதான். தாளில் அப்படி இல்லை. கருவிழி இருக்கிறது, பார்வைக்கு ஒரு திசை இருக்கிறது, ஈரம் இருக்கிறது. கருவிழிக்குள் ஊசிமுனை அளவுக்கு ஒரு வெள்ளை. அது உளி தொடாமல் விட்ட செம்பு. செப்புத்தகட்டில் வெளிச்சத்தைச் செதுக்க முடியாது, விடத்தான் முடியும். சுற்றிலும் இருட்டைச் செதுக்கிக்கொண்டே வந்து, அந்த ஊசிமுனையில் நிறுத்திக்கொண்ட கை அது. ஒரு தடவை வழுக்கியிருந்தால் கண் போயிருக்கும்.

முகத்தைவிட்டுக் கீழே வந்தால் கழுத்து நரம்பு, தொண்டைக்குழி. அதற்கும் கீழே மார்பு வெட்டி நிற்கும் இடத்தில் பட்டென்று கல். அங்கே கோடுகள் சதை மாதிரி வளையவில்லை. மேலே மனிதன், கீழே சிலை. இரண்டும் ஒரே தாளில், இடையில் எங்கே மாறுகிறது என்று தேடித் தேடிப் பார்த்தேன், பிடிபடவில்லை.

ரூபன்ஸ் சிலைகளைப் பார்த்து வரைவது பற்றி லத்தீனில் ஒரு சின்னக் கட்டுரை எழுதி வைத்திருந்தார், அவர் இறந்து நெடுநாள் கழித்து 1708-ல் அச்சானது. சிலைகளை நன்றாகக் கற்றுக்கொள், ஆனால் ஓவியத்தில் கல்வாடை அடிக்கக் கூடாது என்பது அதன் சாரம். கல்லின் நிழல் வேறு, சதையின் நிழல் வேறு என்கிறார். ஓவியனுக்காக எழுதியது. அதை உளியாலேயே செய்து காட்டியிருக்கிறார் வோர்ஸ்டர்மன்.

இந்த இருவர் கதையும் சொல்ல வேண்டும். 1618 வாக்கிலிருந்து ரூபன்ஸ் ஓவியங்களைச் செதுக்கிக் கொடுத்தவர் வோர்ஸ்டர்மன், அவருக்குக் கிடைத்ததிலேயே பெரிய செதுக்குக் கலைஞர். 1622-ல் உறவு முறிந்தது. எவ்வளவு மோசமாக என்றால், ரூபன்ஸ் உயிருக்கே ஆபத்து என்று நண்பர்கள் ஆட்சியாளர் இசபெல்லாவிடம் பாதுகாப்புக் கேட்டு மனுக் கொடுக்கும் அளவுக்கு. வோர்ஸ்டர்மன் 1624-ல் இங்கிலாந்து போய்விட்டு, சில ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தார். 1638-ல், ரூபன்ஸ் வாதநோயால் அவதிப்பட்ட கடைசிக் காலத்தில், இந்தத் தாளில் இரண்டு பெயரும் மறுபடி பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

அந்தப் பெயர்களைக் காட்டத்தான் அவளைக் கூப்பிட்டேன். தாளின் அடியில் பொடி எழுத்தில் லத்தீன். ஒரு இடத்தில் "பண்டைய பளிங்கிலிருந்து". ரூபன்ஸ் பெயரோடு "வரைந்தார்" என்பதன் சுருக்கம். வோர்ஸ்டர்மன் பெயரோடு "ஸ்கல்ப்." என்று.

"ஸ்கல்ப்ச்சர் மாதிரி இருக்கே மாமா."

அதேதான். ஸ்கல்ப்ஸித், "செதுக்கினார்". கல்லில் சிலை வடிப்பவனுக்கும் செம்பில் கோடு இழுப்பவனுக்கும் லத்தீனில் ஒரே வினைச்சொல். தமிழிலும் நாம் ஒரே சொல்தானே சொல்கிறோம். கல்லில் செதுக்கியவன் பெயர் போய்விட்டது. அவனுக்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு மேல் பிற்பட்டு வந்த இன்னொரு செதுக்குக்காரன், அதே சுருக்கங்களின் மேல் மறுபடி உளி ஓட்டியிருக்கிறான். இதை நகல் என்று பட்டியல்களில் எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடு இல்லை. ராகம் ஒன்று, பாடுபவர் வேறு.

தாளைத் திருப்பி ஓரத்தைக் காட்டினார் அந்த அம்மையார். தகட்டின் விளிம்பு அழுந்திய தடம் நாலு பக்கமும் புடைத்திருந்தது. தொட விடவில்லை, நானும் கேட்கவில்லை.

நான்காம் நாள், ரூபன்ஸ் தோட்டம்

ரூபன்ஸ் வீடு சீரமைப்புக்காக மூடியிருக்கிறது. தோட்டத்துக்கு மட்டும் போனோம். அவரே வடிவமைத்த கல் வளைவு மண்டபம் இருக்கிறது, மேலே ரோமானியக் கடவுளர் மெர்க்குரியும் மினர்வாவும். 1600 முதல் 1608 வரை இத்தாலியில் இருந்துவிட்டு ஊர் திரும்பியபோது, செனெகா என்று நம்பி ஒரு பளிங்குத் தலையை வாங்கி வந்தார். சிலைகளை வைக்கவே இந்த வீட்டில் வட்டமாக ஒரு அறை கட்டினார். ரோமின் பான்தியன் கோயில் போல மேலே ஒரே திறப்பு, அது வழியாக மட்டும் வெளிச்சம். வோர்ஸ்டர்மன் தாளில் நெற்றியில் விழும் வெளிச்சத்தை நேற்று பார்த்துவிட்டு வந்தவனுக்கு, பார்க்கக் கிடைக்காத அந்த அறையும் கண்ணுக்குத் தெரிந்தது.

இந்தத் தோட்டத்தில் உட்கார்ந்துதான் அவளிடம் மீதிக் கதையைச் சொன்னேன்.

அது செனெகா இல்லை.

1754-ல் இத்தாலியின் ஹெர்குலேனியத்தில் எரிமலைச் சாம்பலுக்கு அடியிலிருந்து இதே முகம் வெண்கலத்தில் கிடைத்தது, இப்போது நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இத்தனை பிரதி இருக்கிறதே, மக்களால் வெறுக்கப்பட்ட நீரோவின் ஆசிரியருக்கா என்று அப்போதே கலை வரலாற்றாசிரியர் வின்கெல்மன் போன்றவர்களுக்குச் சந்தேகம். 1813-ல் ரோமில் ஒரு இரட்டைத்தலைச் சிலையைத் தோண்டி எடுத்தார்கள். ஒரு பக்கம் சாக்ரடீஸ், மறுபக்கம் செனெகா, இரண்டிலும் பெயர் வெட்டியிருந்தது. அந்தச் செனெகாவுக்குத் தாடி இல்லை, தலையில் முடி இல்லை, தாடைக்குக் கீழே இன்னொரு தாடை. நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த ஒரு செல்வந்தர் முகம். அந்தச் சிலை இன்று பெர்லினில் இருக்கிறது. ஒட்டிய கன்னத்துக் கிழவர் யார் என்று இன்றுவரை முடிவாகவில்லை. கவிஞர் ஹெசியாட் என்கிறவர்கள் உண்டு, அரிஸ்டஃபனீஸ் என்கிறவர்களும் உண்டு. போலிச் செனெகா என்று ஒரு பெயரை ஒட்டிவைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் பெயரும் பிடிக்கவில்லை. அந்தக் கிழவர் யாரையும் ஏமாற்றவில்லையே.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டாள். "நம்ம வள்ளுவர் முகத்த மட்டும் யார் மாமா பாத்தா?"

யாரும் பார்க்கவில்லை. வேணுகோபால் சர்மா வரைந்தார், அதன் பிறகு பாடப்புத்தகம், பேருந்து, காலண்டர் எல்லாவற்றிலும் அதுவே வள்ளுவர். அப்பா கடை அலமாரியிலும் அந்த பிளாக் இருந்தது, நான் துடைத்திருக்கிறேன். செனெகாவின் கடிதங்களைப் படித்தவர்களுக்கு, ஆசையை ஒடுக்கிய, மரணத்துக்குத் தயாரான ஒரு மெலிந்த முகம் வேண்டியிருந்தது. ஓர்சினி அதைச் சுட்டிக்காட்டினார், செதுக்குக்காரர்கள் வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

ஐந்தாம் நாள், பாரிஸ்

காலை ரயிலில் இரண்டு மணி நேரம். லூவ்ர் அருங்காட்சியகத்தில் மோனாலிசா கூட்டத்தைத் தாண்டி நேராகச் சிலைப் பகுதிக்கு வந்தோம்.

மூன்று முகங்களில் மூன்றாவது பாக்கி இருந்தது. லிப்சியஸின் செனெகா பதிப்பை 1615-ல் பால்தசார் மீண்டும் அச்சிட்டபோது, ரூபன்ஸ் புதிதாக வரைந்து கொடுக்க, தியோடோரின் தம்பி கொர்னேலிஸ் கல்லே செதுக்கினார். மார்புச்சிலை ஒன்று, சாகும் செனெகா ஒன்று. நேற்று முன்தினம் வாசிப்பறையில் அந்தப் புத்தகத்தையும் பார்த்தேன். கிழவர் தண்ணீர்த் தொட்டியில் நிற்கிறார், முன்பக்கம் சற்றே குனிந்து, வாய் திறந்து. சாகும்போதும் சொல்லிக்கொண்டே இருந்ததை எழுத்தர்கள் எழுதிக்கொண்டதாக வரலாறு, அதனால் அந்த வாய்.

அந்தத் தாளின் மூலச் சிலை இங்கே இருக்கிறது. ரோமில் போர்கேஸே குடும்பத்தின் சேகரிப்பில் இருந்ததை 1807-ல் நெப்போலியன் வாங்கினார். கரும்பளிங்கு உடம்பு, எனாமல் பதித்த கண், இடுப்புத் துணிக்கு வேறு கல். மண்ணிலிருந்து எடுத்தபோது கால்கள் உடைந்திருந்தன. பழுது பார்த்தவர்கள் தொட்டி ஒன்றைச் சேர்த்து அதில் நிறுத்தினார்கள், புடைத்த நரம்பும் தொட்டியும் சேர்ந்து செனெகாவை உண்டாக்கிவிட்டன. இன்று இதை மீனவர் என்கிறார்கள். கரையில் நிற்கும் ஒரு ஏழைக் கிழவர், கிரேக்கச் சிற்ப மரபு.

பக்கவாட்டில் போய் நின்று பார்த்தேன். கல்லேவின் தாளில் இருந்த அத்தனையும் இருக்கிறது. தோள்பட்டை எலும்பு தெரியும் மெலிவு, மார்பில் தொங்கும் தோல், முன்னங்கை நரம்பு. கல்லே ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. நரம்பு நரம்பாக, ஆண்ட்வெர்ப் வரை பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்.

"வாய் திறந்திருக்கு மாமா. மீனவர்னா அப்ப என்ன சொல்றார்?"

எங்கள் தெருவுக்குச் சைக்கிளில் மீன் கொண்டுவரும் பெரியவர் ஞாபகம் வந்தது. முனையிலேயே நின்று, கழுத்து நரம்பு புடைக்க ஒரு குரல் கொடுப்பார், அம்மா சட்டியை எடுத்துக்கொண்டு ஓடுவாள். அவளிடம் அதைச் சொன்னேன். அவள் மறுபடி அந்தக் கறுத்த முகத்தைப் பார்த்தாள். அப்புறம் தன் போனை எடுத்து, நான் பென்சிலில் எழுதி வைத்திருந்த பக்கத்தைக் கேட்டு வாங்கி, கல்லேவின் பெயரையும் வோர்ஸ்டர்மன் பெயரையும் தமிழில் தட்டெழுதிக்கொண்டாள்.